வேறு வைத்த அலாரங்கள்

கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் புகை வந்தால் முதலில் துபாயில்தான் தெரியும். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குக்கூட அப்புறந்தான். மிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கறுக்கட்டுமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடியில் இருக்கும் போன் அடிக்கும். துபாயில் இருக்கும் என் கொழுந்தனார் மகன்தான் கூப்பிடுவான்.

“பெரியாத்தா, தீயா?”

“இல்லப்பா. வத்தக்குழம்பு.”

“நல்லெண்ணெயிலயா?”

“ஆமப்பா.”

“எனக்கு இங்க ரொட்டிதேன் பெரியாத்தா” என்று ஒரு பெருமூச்சு விடுவான். அவன் வைப்பதற்குள் தலைக்கு மேலே அலாரம் கத்த ஆரம்பித்துவிடும். முறத்தை எடுத்து விசிறி, அதைச் சமாதானப்படுத்திவிட்டு வந்து பார்த்தால் மிளகாய் கரியாகிக் கிடக்கும்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன். படிப்பும் குறைச்சல், பேச்சும் குறைச்சல். வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்லியே வயசாகிவிட்டது. இப்போது வீடியோவில் கூப்பிட்டாலும் போனை மேலே பார்க்க வைத்துவிடுவேன். என் பேரப்பிள்ளைகளுக்கு என் முகத்தைவிட எங்கள் வீட்டு மின்விசிறியை நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவள் என்ன குழம்பு வைக்கிறாள் என்பது கடல் தாண்டித் தெரிவது எவ்வளவு கூச்சம் என்று நினைத்துப் பாருங்கள்.

இது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் வீடு. எங்களில் கல்யாணமான ஒவ்வோர் ஆணும் வீட்டில் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் புதுசாக வந்த பெண்ணையும் மாப்பிள்ளையையும் வேறு வைப்பார்கள். வேறு வைப்பது என்றால் வீட்டைவிட்டு அனுப்புவது இல்லை. அதே கூரைக்குக் கீழே, சமையலுக்கென்று பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டில் ஓர் அடுப்பைக் காட்டி, அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்து, “இனிமே ஒங்க உலைய நீங்க வச்சுக்கங்க” என்று சொல்லிவிடுவது. பக்கத்து அடுப்பில் மாமியார் வைக்கும் குழம்பு மணக்கும். நம் அடுப்பில் நாம் வைத்தது தீய்ந்திருக்கும். ஆனாலும் அதது அவரவர் அடுப்பு. சண்டை வராமல் இருக்க நல்ல ஏற்பாடு.

இப்போது ஆறு புள்ளியில் யாரும் இங்கே இல்லை. சென்னையில் கொழுந்தனார், துபாயில் அவர் மகன், சிங்கப்பூரில் ஒரு புள்ளி, அமெரிக்காவில் ஒன்று, கோயமுத்தூரில் என் மகன், பெங்களூரில் இன்னொன்று. என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் இங்கேயே இருந்துவிட்டேன். சாவி எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஆனால் யார் அறையையும் அவர்களைக் கேட்காமல் திறக்க மாட்டேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் வயர் உரசி, நிலையும் கதவும் எரிந்துபோயின. அந்தச் செய்தி கேட்டதும் கொழுந்தனார் சென்னையிலிருந்து புகை அலாரங்களை வாங்கி அனுப்பிவிட்டார். தட்டை வடைபோல வெள்ளையாக இருந்தன. புகை வந்தால் கத்துவதோடு போனுக்கும் செய்தி அனுப்புமாம். மாட்டுவதற்குக் காரைக்குடியிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பி வந்து, கேமரா, வைஃபை என்று ஊரெல்லாம் மாட்டிக்கொண்டிருப்பவர். வாய் ஓயாது. நான் பேசாததையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

அன்றைக்குத்தான் தப்பு நடந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு ஒவ்வொரு புள்ளியாகக் கேட்டார். “என் ரூம் என் போன்ல வரணும் பாய்” என்றது சிங்கப்பூர். “என் ரூமை ஏன் அவுக போன்ல பாக்கணும்? என்னுதுல வைங்க” என்றது பெங்களூர். பாய் தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏன் ஆச்சி, இதெல்லாம் ஒரே வீடுதானே?”

“ஒரே வீடுதேன். ஆனா வேற வச்சது” என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்கிறது. போனில் ஆறு வீடு உண்டாக்கி, ஒவ்வோர் அலாரத்தையும் ஒவ்வொரு வீட்டில் வேறு வைத்துவிட்டுப் போனார். சமையல் நடக்கும் இரண்டாம் கட்டு எல்லாருக்கும் பொது. அதன் அலாரம் யாருக்கு என்று பேச்சு வந்தபோது துபாய்க்காரன், “நான் பாக்குற வேலையே தீப் பாதுகாப்புதேன்” என்றான். அதுவும் அவனிடம் போய்ச் சேர்ந்தது. என் போனில் மட்டும் எதுவும் இல்லை. எனக்கு எதற்கு என்று எல்லாரும் நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்தது கருவாட்டு வெள்ளி.

வாசல் தெளிக்க வருகிறவள் அன்றைக்குத் தன் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு துண்டுக் கருவாட்டை என் அடுப்புத் தணலில் சுட்டிருக்கிறாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்திருக்கிறது. அவளே எடுத்து, “ஒண்ணுமில்லைய்யா, கருவாடு சுடுறோம்” என்று சொல்லிவிட்டாள். துபாய்க்காரன் வேலையில் சுத்தம். உடனே குடும்ப வாட்சப்பில் போட்டுவிட்டான்: “இரண்டாம் கட்டு: புகை. காரணம்: கருவாடு. தீ இல்லை.”

சென்னையிலிருந்து கொழுந்தனார் கேட்டார்: “வெள்ளிக்கிழமை கருவாடா அண்ணமிண்டி?” அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சிங்கப்பூர் ஒரு மீன் படம் போட்டது. அமெரிக்கா கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகம் போட்டது. எனக்குத் தட்டச்சுச் செய்யவும் வராது, எடுத்துச் சொல்லவும் வாய் வராது. “எங்கிட்டக் கேட்டா நான் சொல்றேன் ஆச்சி, ஏங் கருவாடுன்னு. இதுக்குப் போயி அழுவாகளா?” என்று வாசல் தெளிக்கிறவள் குதித்தாள். “நீ சொன்னதே போதும்டி” என்றேன்.

அன்றிலிருந்து நான் தாளிப்பதை விட்டுவிட்டேன். சாம்பாரில் கடுகு கிடையாது, ரசத்தில் மிளகாய் கிடையாது. பத்தியச் சாப்பாடுபோல எல்லாம் வெறுமனே கொதித்தது. துபாய்க்காரனே ஒருநாள் கூப்பிட்டு, “என்ன பெரியாத்தா, ரொம்ப நாளாச் சத்தத்தையே காணோம், ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டான்.

நான் அதோடு இருந்திருப்பேன். நாக்கு செத்தால் செத்துவிட்டுப் போகிறது. ஆனால் படைப்பு வந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை, மூத்தவர்களுக்குப் புதுவேட்டி, புதுச்சேலை வைத்துப் படைக்கிற நாள். எங்கே இருந்தாலும் எல்லாப் புள்ளியும் வந்துவிடும். பூட்டுகள் எல்லாம் திறக்கும். அறைகள் சூழ்ந்த நடு முற்றமான வளவு முழுக்கப் பாய் விரித்துப் படுப்பார்கள். விறகு அடுப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும். குழந்தைகள் தூணுக்குத் தூண் ஓடும். குளிக்க வரிசை, காப்பிக்கு வரிசை, காணாமல்போன சீப்புக்குச் சண்டை. எனக்கு அந்த நாள்தான் வருஷம். மற்ற நாளெல்லாம் அதற்காகப் பெருக்கிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் இருக்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கூட்டத்தில் எங்காவது ஒரு மூலையில் காய் நறுக்கிக்கொண்டு, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அது போதும் எனக்கு.

இந்தத் தடவை கொழுந்தனார் வாட்சப்பில் எழுதினார்: “ஒரு கருவாட்டுக்கே கத்துகிற அலாரம், அத்தனை விறகடுப்புக்கு என்ன செய்யும்? கழற்றி வைத்துவிட்டுக் கூட்டத்தை வைத்துக்கொண்டு அடுப்பு எரிக்கவும் பயமாக இருக்கிறது. இந்த வருஷம் காரைக்குடியில் மண்டபம் பிடித்து, சமையல்காரரிடம் விட்டுவிடுவோம். படையலை மட்டும் வீட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம்.”

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டை விரல்கள் வந்தன. என் மகனும் ஒரு கட்டை விரல் போட்டிருந்தான்.

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வளவில் போய் நின்றேன். பூட்டிய கதவுகள் எல்லாம் சுற்றி நின்றன. ஒரு வருஷம் மண்டபம் என்றால் மறுவருஷமும் மண்டபம்தான். வசதி பழகிவிட்டால் அப்புறம் யார் வருவார்கள்?

மறுநாள் காலையில் துபாய்க்காரன் எழுதியிருந்தான். அலாரக் கம்பெனி புதுசாக ஓர் அப்டேட் விட்டிருக்கிறதாம். ஃபர்ம்வேர் என்று பெயராம். எனக்குப் புரியவேண்டும் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

“அதோட மூளைய மட்டும் புதுசாக்குறது பெரியாத்தா. டப்பா அதேதான். இப்ப அதுக்கு எல்லாப் புகையும் ஒண்ணு. அப்டேட் பண்ணிட்டா, இது தாளிக்கிற புகை, இது தீப்புகைன்னு பிரிச்சுப் பாத்துக்கிரும்.”

“அம்புட்டு வெவரமாயிருமா?”

“ஆகும். ஆனா எல்லா அலாரத்துலயும் பண்ணணும். ஒண்ணு விட்டாலும் அது கத்துறதக் கேட்டு மத்தவுக பயந்துருவாக. அப்பாகிட்டப் பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்குப் பதில் சொல்லணுமாம். அதுக்குள்ள முடிஞ்சா படைப்பு முழுக்க வீட்டுலதேன்.”

போனை வைத்ததும் நானே மெக்கானிக் பாய்க்குப் போன் போட்டேன். என் வாழ்க்கையில் நானாக ஓர் அந்நிய ஆம்பிளைக்குப் போன் போட்டது அதுதான் முதல். அவர் குரல் கேட்டதும் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். “ஆச்சியா? ஒண்ணுமே பேசாம இருந்தா அது ஆச்சிதான். நாளைக்கு வர்றேன்” என்று அவரே வைத்துவிட்டார்.

வந்தார். ஏணியும் வந்தது. இரண்டாம் கட்டு அலாரம் ஒரு சொல்லில் கேட்டுவிட்டது. மேலே பாய் பொத்தானை அழுத்திப் பிடிக்க, சுற்றி நீல வெளிச்சம் வர, அங்கே துபாயில் போனில் ‘சரி’ என்று தட்ட, நீலம் சுற்றிச் சுற்றி வந்து பச்சையாகி நின்றது. அவ்வளவுதானா என்று எனக்கு மனசு லேசாகிவிட்டது.

அவ்வளவு இல்லை. மற்ற அலாரமெல்லாம் மற்றவர்கள் போனில் அல்லவா இருக்கின்றன? இங்கே நீலம் வரும்போது அங்கே உடனே தட்ட வேண்டும். தாமதித்தால் அணைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. சிங்கப்பூர் ரயிலில் போய்க்கொண்டிருந்தது; தட்டும்போது சிக்னல் இல்லை. அமெரிக்காவில் அவன் தூங்கிவிட்டான். அவன் மனைவி போனைப் பார்த்து, ஏதோ மோசடிச் செய்தி என்று ‘வேண்டாம்’ கொடுத்துவிட்டாள். கொழுந்தனாருக்குக் கண்ணாடி அகப்படவில்லை. குத்துமதிப்பாக எதையோ தட்டினார். அவர் அறை அலாரம் வீடு இடிகிற மாதிரிக் கத்த ஆரம்பித்தது.

“என்ன அமுக்குனீக?” என்று பாய் ஏணியில் நின்று கத்தினார்.

“செவப்பா இருந்துச்சு, அதைத்தேன் அமுக்குனேன்” என்று போன் கத்தியது.

தெருவே வந்துவிட்டது. குடமும் வாளியுமாக ஆம்பிளைகள் வளவுக்குள் நின்றார்கள். நான் சாமான் அறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். “தீ எங்குட்டு? தீ எங்குட்டு?” என்று அவர்கள் கேட்க, “தீ சென்னையில இருக்கு, போங்க” என்றார் பாய். அப்புறம் நான் வந்த எல்லாருக்கும் காப்பி போட்டு, வாசல் தெளிக்கிறவளிடம் கொடுத்தனுப்பினேன். “இந்தக் காப்பிக்குத் தெனம் கத்தலாம் ஆச்சி” என்று யாரோ வெளியிலிருந்து சொன்னார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் துபாய்க்காரன் ஒரே முடிவாகச் சொன்னான். இப்படி ஆளுக்கு ஒரு வீடாக இருந்தால் நடக்காது. அதோடு, வேறு வேறு வீட்டு அலாரங்கள் ஒன்றோடு ஒன்று பேசாதாம். முகப்பில் தீப்பிடித்தால் பின்கட்டு அலாரத்துக்குத் தெரியவே தெரியாதாம். எல்லாவற்றையும் கழற்றி, ஒரே வீடாக, ஒரே ஆள் போனில் வைக்க வேண்டும்.

எந்த ஆள் போனில்? அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் வீடியோவில் வந்தார்கள். நானும் வந்தேன், மின்விசிறியாக.

“நான் வாங்குனது, எம் போன்ல வைங்க” என்றார் கொழுந்தனார்.

“சித்தப்பா, ஒங்களுக்குச் செவப்பு எது பச்சை எதுன்னே தெரியல” என்றது சிங்கப்பூர்.

“அப்ப ஒங்கிட்ட வச்சா? நீ ரயில்லயே இருப்ப.”

“அவுகவுக ரூம் அவுகவுககிட்டயே இருக்கட்டும். எதுக்கு வம்பு? மண்டபமே நல்லது” என்றது பெங்களூர்.

“அதேன் சரி. மண்டபத்துக்காரரு காத்துக்கிட்டிருக்காரு, நான் சொல்லிர்றேன்” என்று கொழுந்தனார் இன்னொரு போனை எடுப்பது தெரிந்தது.

வேறு வைத்த அன்றைக்கு என் மாமியார் அடுப்பைக் காட்டினது அந்த நேரத்தில் ஏன் நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை. அடுப்பு தனி, பாத்திரம் தனி என்று கொடுத்தவர்கள், தீப்பெட்டியை மட்டும் ஒன்றுதான் வைத்திருந்தார்கள். விடிந்ததும் யாராவது ஒருத்தி பற்ற வைப்பாள். மற்றவர்கள் அதிலிருந்து ஓலையில் நெருப்பு எடுத்துப்போவோம்.

“எம் போன்ல வைங்க” என்றேன்.



“யாரு பேசுனது?” என்றார் கொழுந்தனார்.

“மின்விசிறி பேசுது” என்றது அமெரிக்கா.

வாய் திறந்தாகிவிட்டது. “நாந்தேன். எம் போன்ல வைங்க. துபாய்ல மணியடிச்சு, சிங்கப்பூர்ல மணியடிச்சு என்னத்துக்கு? அங்கேருந்து யாரு தண்ணி ஊத்தப்போறீக? இங்க கொடத்தத் தூக்கிக்கிட்டு ஓடுறது நாந்தேனே. அடுப்பத்தேன் வேற வச்சாக. நெருப்ப யாரும் வேற வைக்கலையே.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அதையும் சொன்னேன்: “மண்டபம் வேணாம். எல்லாரும் வீட்டுக்கு வாங்க. எனக்கு வீடு நெறைஞ்சு இருக்கணும்.”

கொழுந்தனாருக்குப் பின்னாலிருந்து என் ஓரகத்திதான் முதலில் பேசினாள்: “அந்தப் போனக் கீழ வைங்க நீங்க. ஆச்சி இம்புட்டுப் பேசி நான் பாத்ததே இல்ல. இதுக்கு மேலயும் மண்டபமா?”

அவர் போனைக் கீழே வைத்தார். “அண்ணமிண்டி கொரலு இப்பிடித்தேன் இருக்கும்னு எனக்கு இன்னைக்குத்தேன் தெரியுது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் முந்தானையில் வாயை வைத்துக்கொண்டு சிரித்தேன். மின்விசிறியை மட்டும்தான் அவர்கள் பார்த்தார்கள்.

பாய் அரைமணியில் வந்துவிட்டார். என் போனைத் தொட்டு வணங்காத குறையாக வாங்கினார். முதலில் அது கேட்டது, வீட்டுக்கு என்ன பெயர் என்று. பாய் என்னைப் பார்த்தார். எழுதுகிற அளவுக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. “நம்ம வீடு” என்றேன். அப்படியே போட்டார்.

பிறகு ஒவ்வோர் அறையாகத் திறந்தோம். ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் புள்ளி போனில் ‘தெறங்க, தெறங்க’ என்று அனுமதி கொடுத்தது. பாய் ஏணியில் ஏறிப் பொத்தானை அழுத்துவார், நீலம் வரும், கீழே நான் தட்டுவேன். என் விரல் பட்டதும் நீலம் சுற்ற ஆரம்பிக்கும். அது சுற்றுகிற வரைக்கும் தொடக்கூடாது, பேசினால்கூடக் கெட்டுப்போகுமோ என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். “மூச்சு விடுங்க ஆச்சி, அது பாட்டுக்கு ஆகும்” என்பார் பாய். பச்சை வந்ததும் ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீசில் ஏதோ சொல்லும். “தயாராம்” என்பார் அவர். கடைசி அறைக்கு வந்தபோது எனக்கே ‘தயாராம்’ என்று வாயில் வந்தது.

எல்லாப் பச்சையும் வந்தபின், மற்றவர்களை வீட்டுக்குள் சேர்க்க வேண்டுமாம். ஒவ்வொருவர் பெயரும் என் போனில் வந்து, ‘உள்ளே விடலாமா?’ என்று கேட்டு நின்றது. துபாய், சிங்கப்பூர், கோயமுத்தூர் என்று ஒவ்வொன்றாக விட்டேன். கொழுந்தனார் பெயர் வந்தபோது மட்டும் போனை வைத்துவிட்டுப் போய் ஒரு காப்பி கலந்து குடித்தேன். வெள்ளிக்கிழமைக் கருவாடு நினைவுக்கு வந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துதான் அவரை உள்ளே விட்டேன்.

“இனி பரீட்சை” என்றார் பாய். எல்லாரும் வீடியோவில் பார்க்க, வாசல் தெளிக்கிறவள் போனை அலாரத்துக்கு நேரே பிடித்துக்கொள்ள, நான் அடுப்பில் சட்டியை வைத்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. உளுந்து சிவந்தது. ஒரு கை மிளகாயைக் கிள்ளிப் போட்டு, கறிவேப்பிலையை உருவிப் போட்டேன். நெடி அப்படியே எழும்பி மேலே போனது. வாசல் தெளிக்கிறவள் தும்மினாள். பாய் இருமினார், கண்ணைத் துடைத்தார், மறுபடி இருமினார். அலாரம் மட்டும் பச்சைப் பொட்டு வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது.

“தீ வந்தாலாவது கத்துமா?” என்று பெங்களூர் கேட்டது.

பாய் ஒரு பழைய கந்தலைப் புகையவிட்டு ஏணிமேல் நின்று காட்டினார். உடனே கத்தியது. அதோடு சேர்ந்து முகப்பும் கத்தியது, எல்லா அறையும் கத்தியது. ஒரே வீடாக, ஒரே குரலில் கத்தின. தெருக்காரர்கள் இந்தமுறை வாளி எடுக்காமல், டம்ளர் எடுத்துக்கொண்டு வந்தார்கள் என்று வாசல் தெளிக்கிறவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

படைப்புக்கு எல்லாரும் வந்தார்கள். பூட்டுகள் எல்லாம் திறந்தன. விறகடுப்பு எல்லாம் எரிந்தன. முதலில் கொஞ்ச நேரம் அத்தனை பேரும் சமையலைப் பார்க்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மறந்துபோனார்கள். சாம்பிராணி புகைந்தது, சீப்பு காணாமல்போனது, குழந்தைகள் தூணில் முட்டிக்கொண்டார்கள். நான் என் மூலையில் காய் நறுக்கினேன்.

பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் மடியில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். கொழுந்தனார் அறையில் புகை. அது முதலில் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்லும். ஒரு நிமிஷத்துக்குள் நான் பார்த்ததாகத் தட்டாவிட்டால் எல்லார் போனிலும் போட்டுக் கத்திவிடும்.

ஓடினேன். கதவைத் தள்ளினால், ஜன்னலோரம் கொழுந்தனார் நிற்கிறார். விரலிடுக்கில் சிகரெட். நெஞ்சு வைத்தியத்துக்குப் பிறகு தொடவே மாட்டேன் என்று ஓரகத்தியிடம் சத்தியம் செய்து கொடுத்தவர்.

“அண்ணமிண்டி... ஒரே ஒண்ணுதேன்... அவகிட்டச் சொல்லிராதீக.”

நான் போனில் தட்டி அலாரத்தை அடக்கினேன். எனக்கு அவரைவிடக் கூச்சமாக இருந்தது. “அணைச்சுப்புட்டு வாங்க. இலை போட்டாச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

நான் ஓடியதைப் பார்த்தவர்கள் என்னவென்று கேட்பதற்குள், நடந்துகொண்டே, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, குடும்ப வாட்சப்பில் என் முதல் செய்தியைப் போட்டேன்: “முகப்பு: புகை. காரணம்: சாம்பிராணி. தீ இல்லை.”

பந்தியில் யாரோ பேச்சுக்குச் சொன்னார்கள், வேலை ரொம்ப இருக்கிறது, அடுத்த வருஷமாவது மண்டபம் பார்க்கலாமே என்று. நான் ரசத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்துகொண்டிருந்தேன். கொழுந்தனார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் மடியில் இருந்த போனைப் பார்த்தார்.

“மண்டபமாவது ஒண்ணாவது! அடுத்த வருசம், அதுக்கடுத்த வருசம், எல்லா வருசமும் இங்குட்டுத்தேன்!” என்றார், வளவே திரும்பிப் பார்க்கும்படி.

“என்ன இவுகளுக்குத் திடீர்னு இம்புட்டுப் பாசம்?” என்று ஓரகத்தி என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்று தலையாட்டிவிட்டு, கொழுந்தனார் இலைக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். நன்றாகத் தாளித்த ரசம்.

இப்போது அவர் சிகரெட்டை நிஜமாகவே விட்டுவிட்டார். ஓரகத்தியிடமும் அவரே சொல்லிவிட்டார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். “எழுதுங்க அண்ணமிண்டி, ஆனா கருவாட்டையும் எழுதணும்” என்றார். எழுதிவிட்டேன்.